சளி சார் வாங்கிய அடி

ஜிம் மாஸ்டர் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தபோதே அவன் வலது கையில் ரத்தம் இருந்தது. சளி சார் நாற்காலியை விட்டு எழுந்தார். வாசலில் இருந்த வாட்ச்மேனை அடித்துப் போட்டுவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தார்.

ஆனால் வாட்ச்மேன் அவன் பின்னாலேயே முழுசாக ஓடி வந்தார். "சொல்லச் சொல்லக் கேக்காம நுழைஞ்சிட்டாரு சார்!" அப்படியென்றால் வருகிற வழியில் வேறு யாரையோ ஒரு கை பார்த்துவிட்டு வருகிறான்.

ஆஸ்பத்திரியில் அவருக்குச் சளி சார் என்றுதான் பெயர். இருபது வருஷமாகக் காசநோய் ஆய்வகத்தில் ஊரார் சளியோடு மல்லுக்கட்டுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? உடம்பு ஒட்டடைக்குச்சி, வாய் மட்டும் யாருக்கும் அடங்காது.

மாஸ்டர் ஒரு காகிதத்தை அவர் மூஞ்சியில் விட்டெறிந்தான். "என் தங்கச்சிக்கு டிபின்னு எழுதினவன் நீதானா?"

"எழுதினது மிஷின். கையெழுத்து மட்டும் என்னுது."

அந்த வாய்க்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. மூக்குக் கண்ணாடி தெறித்து மேசைக்கடியில் போனது. மாஸ்டர் அவருடைய முகக்கவசத்தைப் பிய்த்தெறிந்து, காலரைக் கொத்தாகப் பிடித்து அலமாரியில் மோதினான். உள்ளிருந்த கண்ணாடிக் குப்பிகள் பொலபொலவென்று விழுந்து நொறுங்கின.

"எட்டு நாள்ல கல்யாணம்டா! இதைக் கேள்விப்பட்டு மாப்பிள்ளை வீட்டுல வேணாம்னுட்டாங்க. இது பொய்னு எனக்கு நல்லாத் தெரியும். எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதே. நோய் இல்லைன்னு இப்பவே மாத்தி எழுது!"

அவன் பின்னாலேயே வந்திருந்த தங்கை கதவோரம் நின்று கெஞ்சினாள். "விட்டுடுண்ணா! நான் சொல்லிடறேன்..."

"நீ வாயைத் தொறந்தே, பல்லு இருக்காது!"

சளி சார் மூச்சுத் திணறியபடியே அவளைப் பார்த்துக் கையசைத்தார். "நீ கிட்ட வராதேம்மா. தள்ளியே நில்லு." உதை வாங்கும்போதும் தொற்றைப் பற்றிய ஜாக்கிரதை அவரை விடவில்லை.

அந்தப் பெண்ணை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மூன்று வாரமாகக் காய்ச்சல் என்று டாக்டர் அனுப்பியிருந்தார். முதல் நாள் அவள் கொடுத்த டப்பாவில் இருந்தது வெறும் எச்சில். "எச்சிலை வச்சு நான் என்ன பண்றது? காலையில எழுந்ததும் நெஞ்சுலேருந்து காறி எடுத்துட்டு வா" என்று திட்டித் திருப்பி அனுப்பினார். மறுநாள் கொண்டுவந்தாள் பாருங்கள், கெட்டியாக, மஞ்சளாக. இதுதான் சளி என்று பாராட்டக்கூடச் செய்தார்.

மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கினான். "மிஷின் இருந்தாத்தானே பொய் சொல்லும்? இன்னியோட அது கதை முடிஞ்சுது!"

எங்கிருந்துதான் பலம் வந்ததோ, சளி சார் பாய்ந்து போய் மிஷினைக் கட்டிக்கொண்டார். உள்ளே ஓர் இரண்டு வயதுக் குழந்தையின் சளி பரிசோதனையில் இருந்தது. இருபது நிமிஷத்தில் பதில் வந்துவிடும், எந்த மருந்தைத் தொடங்குவது என்று டாக்டர் அதற்காகத்தான் காத்திருந்தார்.

சிலிண்டர் மிஷினில் விழவில்லை, அவர் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

"ஐயோ... என்னை எவ்வளவு வேணும்னாலும் அடி. இது மேல கை வைக்காதே."

"பொய் சொல்ற மிஷின் மேல இவ்வளவு பாசமா?"

"இது பொய் சொல்லாது தம்பி. டிபி கிருமியோட மரபணுவையே தேடிப் பிடிச்சு, ஒண்ணைக் கோடியாப் பெருக்கிக் காட்டுற மிஷின். கிருமி இல்லாத சளியில எதைப் போய்ப் பெருக்கும்?"

"டப்பா மாறியிருக்கும்!"

"மாறல. அன்னிக்கு மத்த மூணு டப்பாலயும் ஒண்ணும் இல்ல, இது ஒண்ணுலதான் இருந்துச்சு. அதுவும் முக்கியமான மாத்திரைக்கே அடங்காத ரகம். சீக்கிரம் வைத்தியம் பாக்கலேன்னா ஆளையே தின்னுடும்."

வலியில் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டால் உயிர் தப்பலாம். ஆனால் மருந்தும் இல்லாமல் மாத்திரையும் இல்லாமல் அந்தப் பெண்ணை மணமேடைக்கு அனுப்பிச் சாகடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"எழுதுவியா, மாட்டியா?" சிலிண்டர் மறுபடி மேலே போனது. இந்த முறை குறி தலைக்கு.

சளி சாருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மாட்டேன்டா! நீ என்ன டாக்டரா? எதை வச்சு இதைப் பொய்ங்கறே?"

தங்கை ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்துத் தொங்கினாள். "வேணாண்ணா, அடிக்காதே!" அவன் அவளை உதறித் தள்ளிவிட்டு, வந்த இருமலை அந்த ரத்தக் கையிலேயே அடக்கிக்கொண்டு, வழக்கில் ஜெயித்துவிட்டவன் போல நெஞ்சை நிமிர்த்திக் கத்தினான்.

"அவளுக்குச் சளி வரலைன்னு அந்த டப்பாவுல துப்பினதே நான்தான்டா!"