மாப்பிள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு

ஜெர்மனியில், ஆற்றங்கரையில் இருக்கும் அந்தத் துணி ரசாயன ஆலையின் பொறுப்பை ஏற்குமுன் குடும்பத்தின் வாரிசு ஒரு சட்டையைத் துவைத்தாக வேண்டும். ஆலையைத் தொடங்கியவர் தன் கல்யாணத்தன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை அது. சர்ச்சுக்குப் போகிற வழியில் சாயக் கொப்பரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தார். மார்பில் கறுப்பாய் ஒரு சொட்டு தெறித்துவிட்டது. அதைப் போக்கப்போய்த்தான் அவருடைய மகன் பச்சைத் தண்ணீரிலும் அழுக்கெடுக்கும் சோப்பைக் கண்டுபிடித்தார். அப்படியும் அந்தக் கறை ஏன் போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்ட பேரன் வோல்க்மார், சாயம் போகாமல் பிடித்துவைக்கும் திரவத்தைக் கண்டுபிடித்தார். இரண்டும் கப்பலேறி உலகத்து மில்களுக்கெல்லாம் போயின. கறை மட்டும் போகவில்லை.

இப்போது வோல்க்மாரின் மகள் இர்மேலாவின் முறை. தானே காய்ச்சிய கரைசலில் ஊறவைத்து, தொழிலாளிகள் எல்லோரும் பார்க்க அவள் சட்டையைத் தூக்கிப் பிடித்தபோது அது பளிச்சென்று இருந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரமானது. வோல்க்மார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஜெயிச்சிட்டே கண்ணு,” என்றார். பிறகு முகம் வாடியது. “இனிமே உன் பிள்ளைங்க எதைத் துவைக்கும்?”

இர்மேலா உள்ளே போய், தான் புதிதாக உருவாக்கிய நீலச் சாயத்தில் கண்ணாடிக் குச்சியை நனைத்து வந்து, அதே இடத்தில் ஒரு சொட்டு விட்டாள்.

“ஐயையோ! இது எதுல போகும்?”

“எனக்கே தெரியாதுப்பா,” என்றாள். குரலில் அப்படி ஒரு பெருமை.