மீதி நாலணா

“பேரு, வயசு, ஊரு சொல்லுப்பா,” என்றார் பூசாரி.

“கோவிந்தன், பதினேழு, கொரட்டூரு.”

கோவிந்தன் பள்ளியிலேயே முதல் மாணவன். பட்டணத்துப் பெரிய காலேஜில் இடம் கிடைக்க ரூபாய்க்குப் பன்னிரண்டணா வாய்ப்பு என்று ஹெட்மாஸ்டர் கணக்குச் சொல்லியிருந்தார்.

“மீதி நாலணாவ பொன்னியம்மன் சொல்லட்டும். வெள்ளப் பூ வந்தா மனு போடு, செவப்பு வந்தா ஏர் புடி,” என்று அம்மா வேம்புலியம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“தொர கணக்கா காலேஜ் போயி இவன் இன்னா கிழிக்கப் போறான்? செவப்புதான் வரும், பாரு,” என்று அப்பா கன்னியப்பன் வழியெல்லாம் கேலி செய்துகொண்டே வந்தார்.

அம்மன் காலடியில், வீட்டிலிருந்து கட்டி எடுத்து வந்த இரண்டு பூப் பொட்டலங்கள் இருந்தன. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை! அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

கோவிந்தனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மற்றதையும் பிரித்தான். அதிலும் வெள்ளை.

“நைனா, இன்னா இது?”

அம்மா எழுந்திருப்பதற்குள் கன்னியப்பன் பொட்டலத்தைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார்.

“ஆத்தாளுக்கு ஆயிரம் வேல கீது. நான்தான்டா ரெண்டுலயும் வெள்ளய வெச்சிக் கட்னேன். ஒங்கம்மா கைல மட்டும் சொல்லிடாதே.”