பெண் கொடுத்து, பெண் எடுத்து

கச்சை மறுபடியும் அவிழ்ந்தது.

"வயிற்றை உள்ளே இழுங்கள்," என்றாள் மூத்த அரசி.

அரசன் இழுத்தான். இருபது ஆண்டு அரசாட்சி முழுக்க அந்த வயிற்றில் இருந்தது.

வடக்கே போனான். சண்டை போட்டான். ஒரு பெண்ணோடு திரும்பினான். மேற்கே போனான். அங்கேயும் அதே கதைதான்.

அவன் போர்கள் எல்லாம் கல்யாணத்தில்தான் முடிந்தன. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவளே கச்சை கட்டிவிட்டாள். மூத்த அரசி கட்டினால்தான் மங்கலமாம்.

இந்த முறை போரில் யாரும் வெல்லவில்லை.

அதனால் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று முடிவானது. அக்கரை அரசனின் தங்கை இங்கே. மூத்த அரசி பெற்ற மகள் வரகுணை அங்கே, அந்த அரசனுக்கு.

வரகுணை விடியலிலேயே போய்விட்டாள். பல்லக்கின் திரையைக்கூட விலக்கவில்லை.

"முத்தாரமா, பவளமா?" என்றான் அரசன்.

கைக்கு அகப்பட்டதை எடுத்து அவன் கழுத்தில் போட்டாள்.

முற்றத்தில் சங்கு ஊதினார்கள். ஆரத்தித் தட்டோடு அவள் வாசலுக்கு வந்தாள். பல்லக்கு இறங்கியது.

மணப்பெண்ணுக்கு வரகுணையின் வயதுதான் இருக்கும். வெளியே வந்தாள், தள்ளாடினாள், குனிந்து வாந்தி எடுத்தாள்.

அரசியின் பட்டு முழுக்க.

சோதிடர் வானத்தைப் பார்த்தார்.

"தேவி, முகூர்த்தம் தவறுகிறது," என்றான் அரசன். "சகுனம் வேறு சரியில்லை..."

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வெயிலில் மூடுபல்லக்கில் நீங்கள் வந்து பாருங்கள். அப்போது தெரியும் சகுனம். போங்கள். எல்லோரும் அந்தப் பக்கம் போங்கள்!"

நாடுகளை நடுங்க வைத்த அரசன் போனான். சோதிடர் அவனுக்கு முன்பே போயிருந்தார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். பெண்ணின் கூந்தலை ஒதுக்கி, தலையைத் தாங்கிக்கொண்டாள். முகம் கழுவிவிட்டாள். பெண் ஏதோ முனகினாள். புரியாத மொழி.

கூட வந்த செவிலிக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"பட்டு பாழாகிவிட்டதே என்று அழுகிறாள், தாயே."

அரசி அதைக் காதில் வாங்கவில்லை.

"உங்கள் அரண்மனையில் மூத்த அரசி எப்படி?"

செவிலி தயங்கினாள். தூணுக்கு அப்பால் ஒதுங்கி நின்ற அரசனைப் பார்த்தாள்.

"பெரிய கோபக்காரி, தாயே. எங்கள் அரசரே எதிரில் நிற்க மாட்டார்."

அரசியின் கை பெண்ணின் நெற்றியிலேயே நின்றது.

"நல்லது," என்றாள்.