கண்ணாடி வரைந்த முடி

கருவிழி மாற்றிய கண்ணில் பார்வை தெளிய ஆறு மாதமாகும் என்றார் டாக்டர். அதுவரைக்கும் சுகந்திக்கு ஒரு மூக்குக்கண்ணாடி கொடுத்திருந்தார்கள். மங்கலாகத் தெரியும் முகங்களை அது பழைய புகைப்படங்களைப் பார்த்துத் தெளிவாக வரைந்து காட்டும்.

காலையில் வெளியே போய்விட்டு வந்த கணவர் செங்குட்டுவன், சொட்டு மருந்தோடு அவள்மேல் குனிந்தார். கண்ணாடியில் வழக்கம்போல அதே அடர்ந்த கறுப்பு முடி. ஆனால் சந்தனம் மணத்தது. சுகந்தி கையை நீட்டித் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, மொட்டையா?"

கோயில் வாசலைக்கூட மிதிக்காத மனுஷர். நேர்த்திக்கடன் என்றாலே நக்கலடிப்பவர்.

"வெயிலுக்குத்தான் எடுத்தேன்."

"வெயிலுக்கு எடுத்தா சந்தனம் எதுக்கு?"

அவர் நிமிர்ந்து எதிரே உட்கார்ந்தார்.

"சமயபுரம் போனேன். உன் கண்ணுக்காகத்தான். கண்ணாடி இருக்கே, உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

சுகந்தி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். எதிரே மஞ்சளாக ஓர் உருண்டை கலங்கித் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெளியறதுக்குள்ள முடி வளந்துடுமே" என்றாள்.

"அதனாலென்ன," அவர் மருந்தைத் திறந்தார். "அன்னிக்கு மறுபடியும் போய் எடுத்துட்டு வர்றேன்."