மாற்றிக்கொண்ட சிலேட்டுகள்

கணக்கு முடிந்ததும் சிலேட்டைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துத் திருத்துவது அந்தப் பள்ளியின் வழக்கம். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு பள்ளிக்குப் போய்விட, இப்போது மிஞ்சியிருப்பவள் முகிலா ஒருத்திதான். அதனால் ரெஜினா டீச்சரே அவள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாற்பத்தேழை இருபத்து மூன்றால் பெருக்கினார். தப்பைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் பிள்ளைக்குக் கிடைக்கட்டுமென்று, இரண்டாவது வரியை ஓர் இடம் தள்ளி எழுதாமல் வேண்டுமென்றே நேராக எழுதிக் கூட்டினார். சிலேட்டுகள் மாறின. முகிலா வெகுநேரம் பார்த்தாள். பிறகு எச்சில் தொட்டு அழித்து, இடம் தள்ளி, டீச்சரின் கையெழுத்தைப் போலவே எழுதி, விடையையும் மாற்றி, ‘சரி’ போட்டாள்.

“தப்பாத்தானடி போட்டிருந்தேன்?”

“சத்தமாச் சொல்லாதீங்க டீச்சர். கணக்கு தப்புத்தப்பாப் போடுறான்னுதான் எம்பக்கத்துல இருந்த ஜெனிபாவ அவங்கப்பா வேன் வர்ற ஸ்கூல்ல சேத்தாரு. ஒங்களையும் யாராச்சும் கூட்டிட்டுப் போயிட்டா?”