ஆடாத படம்

“சார், இந்தக் குளவிப் படம் துளிகூட ஆடல! கேமரா ஸ்டாண்டு வாங்கிட்டீங்களா?”

பூச்சி ஆராய்ச்சியாளர் சுரேகா போனில் இப்படிக் கேட்டதும், ஜன்னலுக்கு வரும் பூச்சிகளைப் படமெடுத்து அவருக்கு அனுப்பும் முகப்பேர் கிஷோருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

“அதெல்லாம் இல்ல மேடம். பக்கத்து ஊட்டு ராஜசேகரன் ஒரு தனிக்கட்டை. பார்க்கிங் தகராறுக்கப்புறம் செவுத்த இடிச்சிகினே கெடந்தாரு. ஜன்னல் ஆடும், படம் பாழாப்பூடும். நானும் பதிலுக்கு இடிப்பேன். ஒடனே இன்னும் வேகமா இடிப்பாரு. போன மாசம் ரெண்டு நாள் ரோதனை. அப்புறம் அடங்கிட்டாரு.”

“இது ஒட்டுண்ணிக் குளவி சார். ஈயோட கூட்டுப்புழுவுல முட்டை வைக்கும். அந்த ஈ, செத்து அழுகினதுலதான் பெருகும். ஜன்னல்ல எத்தனை குளவி இருக்கு?”

“மொய்க்குது மேடம்.”

“அப்ப எலி இல்ல. பெருசா ஏதோ செத்திருக்கணும். நாத்தம் அடிக்கலையா?”

“கொரோனா வந்ததுலேர்ந்து எனக்கு மோப்பமே கெடையாது. மேல்மாடில எங்க ரெண்டு ஊடுதான்...”

சொல்லும்போதே கிஷோர் ராஜசேகரன் வீட்டுப் பக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தான். போனை வைத்துவிட்டு, அந்தச் சுவரை முதன்முறையாக மெதுவாகத் தட்டினான்.

பதில் இல்லை.

போன மாதம், தான் பதிலுக்கு இடித்ததைக் கேட்டதும் அவர் ஏன் அவ்வளவு வேகமாக இடித்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.