முப்பது வருட வியர்வை

"என்னடி இது, கழுத்து இவ்ளோ வெளுப்பா இருக்கு?"

பெற்ற பிள்ளையை யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டதைப் போல, கணவர் கிடாரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

அந்தப் பட்டறையில் கம்பி மாற்றுவது, சுருதி பார்ப்பது அவர் வேலை. மரத்துக்கு மெருகேற்றுவது மனைவி. அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"சீட்டுல 'கழுத்து சுத்தம்'னு நீங்கதானே எழுதுனீங்க? வார்னிஷ் போடாத வெறும் மரம். மெல்லிசான உப்புத்தாள்ல தேச்சேன். எண்ணெய் தடவித் துடைச்சேன். காஞ்சதும் மெழுகு போட்டா முடிஞ்சுது."

"தூசியைத் துடைக்கத்தான்டி எழுதுனேன்! கறையை யாரு எடுக்கச் சொன்னா? அது கறையே இல்ல. சக்கரவர்த்தியோட முப்பது வருஷ வியர்வை!"

'கிடார் சக்கரவர்த்தி' என்று முதன்முதலில் சுவரொட்டியில் போட்டது யாரென்று தெரியாது. அவர் மறுத்ததாகவும் தகவல் இல்லை. கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்த அந்த இடத்தை மேடைதோறும் தூக்கிக் காட்டி, "இது மரம் இல்லை, என் தவம்" என்பார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். மறுநாள் அந்தத் தவம் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் குடியேறுகிறது. அதற்காகத்தான் பட்டறைக்கு வந்திருந்தது. ஐந்து மணிக்கு அவரே வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

"அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாளையிலேருந்து ஒருத்தனும் நம்மகிட்ட ஒரு கம்பி மாட்டக்கூடக் குடுக்க மாட்டான். கடையை இழுத்துப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

"முப்பது வருஷ வியர்வைன்னா மரத்துக்குள்ள ஊறியிருக்கணும். இது ரெண்டு இழுப்புல வந்துடுச்சுங்க."

"உன் கையில எதுதான் நிக்கும்?"

மணி இரண்டு. கணவர் முக்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள்.

"இப்படியே உக்காந்திருந்தா கறை வந்துடுமா? அடுப்புல தண்ணி வைங்க."

"இந்த நேரத்துல டீ கேக்குதா உனக்கு?"

"எனக்கில்ல. கிடாருக்கு."

தடவிய எண்ணெய் போகிற வரை கழுத்தை மறுபடி தேய்த்தாள். தேயிலையைக் கொதிக்கவிட்டுக் கஷாயமாக வற்றவைத்தாள். துணியைச் சுருட்டி அதில் நனைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சக்கரவர்த்தியின் சுவரொட்டிகள் இரண்டு அங்கே ஒட்டியிருந்தன.

"எதைப் பாத்துப் போடறது? பழைய படத்துல கறை வாழைப்பழம் மாதிரி இருக்கு. புதுசுல உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு."

"முப்பது வருஷத்துல வியர்வை வளராதாடி? புதுசையே போடு!"

நடுவில் அடர்த்தியாக, ஓரத்தில் மங்கலாக, ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. பிறகு உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்தாள். மேலே மெழுகு, இருந்தும் இல்லாதது போல. கணவர் நோட்டுப் புத்தகத்தால் விசிறினார். அவருடைய நெற்றியிலிருந்து நாலு சொட்டு கறைமேல் விழுந்தது. அந்தக் கறையில் அசல் வியர்வை அது மட்டும்தான்.

சரியாக ஐந்து மணிக்குச் சக்கரவர்த்தி வந்தார். வீட்டுக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. பின்னால் கைகட்டிக்கொண்டு இரண்டு சீடர்கள்.

கிடாரை வாங்கினார். கட்டைவிரல் கறையின் மேல் போய் நின்றது. மெல்ல வருடினார். முகர்ந்து பார்த்தார். கணவர் நோட்டுப் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"முப்பது வருஷம்..." என்றார் சக்கரவர்த்தி, தழுதழுத்த குரலில்.

சீடர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்றவர் கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினார். இருவரும் பல்லக்கு தூக்குகிற பவ்யத்தோடு அதைக் காருக்கு எடுத்துச் சென்றார்கள்.

பின்னாலேயே போன சக்கரவர்த்தி வாசல் வரை போய் நின்றார். திரும்பி வந்தார். கதவைச் சாத்தினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே உற்றுப் பார்த்தார்.

'தொலைந்தோம்' என்று நினைத்தாள் அவள்.

"ஐயா, தப்பு என்னோடதுதான். அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க. கடை பேரு கெட்டா எங்களுக்கு வேற..."

"ஷ்! மெதுவாப் பேசும்மா, பசங்க காதுல விழப்போகுது" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ இதை எதுல போட்ட? எனக்கு வழக்கமாப் போடறவன் காபியில போடறான், ரெண்டு கச்சேரிக்கு மேல நிக்கவே மாட்டேங்குது."